மானிட்டர் பக்கம் வந்த நடிகர்கள்: நடிப்பிலிருந்து சோதனைத் திரைப்படத்துக்கும் காட்சிக் கலைக்கும்

மேடைக்காரி எழுதியது:

வணக்கம். பல ஆண்டுகளாக மேடையில் நடித்து வருகிறேன். இடையிடையே திரைப்படங்களில் சிறிய வேடங்களும் செய்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நடிப்பு வாய்ப்புகளைக் குறைத்துக்கொண்டு, கதை என்று எதுவும் இல்லாத குறும்படங்களையும், அறைச் சுவரில் ஓடவிடும் வீடியோக்களையும் நானே எடுக்கத் தொடங்கினேன். அன்றிலிருந்து, தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "நன்றாகத்தானே நடித்துக்கொண்டிருந்தாய், ஏன் விட்டுவிட்டாய்?" நான் எதையும் விட்டுவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஏன் அப்படித் தோன்றவில்லை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லவும் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என்னை இந்தப் பக்கம் திருப்பிய நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு படப்பிடிப்பில் என் முகத்தை மட்டும் வைத்து ஒரு குளோசப் எடுத்தார்கள். வசனம் கிடையாது. ஒரு செய்தியைக் கேட்டுவிட்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். பதினோரு டேக் போனது. ஒவ்வொரு டேக் முடிந்ததும் இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் உதவியாளர்களும், எடுத்த காட்சியைக் காட்டும் திரையான மானிட்டரைச் சுற்றி நின்று என் முகத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு "இன்னும் கொஞ்சம் குறைத்துச் செய்யுங்கள்" என்றார்கள். எதைக் குறைப்பது என்று தெரிந்துகொள்ளலாம் என்று நானும் அந்தப் பக்கம் போனேன். உதவியாளர் ஒருவர் கையை நீட்டி மறித்து, "நடிக்கிறவர்கள் பார்க்கக் கூடாது மேடம், பார்த்தால் நடிப்பு கெட்டுவிடும்" என்றார். அவர் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. பல படப்பிடிப்புகளில் நல்லெண்ணத்தோடு வைத்திருக்கும் விதிதான் அது. ஆனால் அந்த இடத்தில் இருந்த ஏழெட்டுப் பேரில் என் முகத்தைப் பார்க்காதவள் நான் ஒருத்திதான் என்ற நினைப்பு அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

நடிகர் ஒருவர் சோதனைத் திரைப்படத்துக்கோ காட்சிக் கலைக்கோ போகும்போது, நடிப்பிலிருந்து எதைக் கையோடு எடுத்துப் போகிறார்? அங்கே போய்ப் பயன்படாமல் போவது எது? முன்பு இந்த வழியில் போனவர்களின் படைப்புகளை நன்கு அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

தொகுப்பு மேசை எழுதியது:

உங்கள் மானிட்டர் நிகழ்ச்சியைப் படித்ததும் எனக்குப் பிரெஞ்சு நடிகை டெல்ஃபின் செரிக்தான் நினைவுக்கு வந்தார். இந்தக் கேள்விக்கு அவருடைய வாழ்க்கையைவிட நேரான பதில் வேறு எங்கும் இல்லை என்று நினைக்கிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

செரிக் 1932இல் பெய்ரூட்டில் பிறந்தவர். 1961இல் அலன் ரெனே இயக்கிய மரியன்பாத் படம் அவரை உலகறிந்த நடிகையாக்கியது. 1963இல் அதே இயக்குநரின் அடுத்த படத்துக்காக வெனிஸ் விழாவில் சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார். பின்னர் த்ரூஃபோ, புனுவல் போன்றோரின் படங்களிலும் நடித்தார். எட்டாத உயரத்தில் இருக்கும் பெண், மர்மமான பெண், கனவில் வருவது போன்ற குரல் உள்ள பெண் என்று அவரைச் சுற்றி ஒரு பிம்பம் உருவாகிவிட்டது. அந்தப் பிம்பம் உருவானதில் அவருடைய உழைப்பு பெரும்பங்கு. ஆனால் அதன் மீது அவருக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை.

1970களின் நடுவில் அவர் கரோல் ரூசோபுலோஸ் என்ற வீடியோக் கலைஞரிடம் வீடியோ எடுக்கக் கற்றுக்கொள்ளப் போனார். ரூசோபுலோஸ் பிரான்சில் சோனி நிறுவனத்தின் போர்ட்டாபேக் கருவியை வாங்கிய முதல் சிலரில் ஒருவர். ஒரு பத்திரிகை வேலையிலிருந்து நீக்கப்பட்டபோது கிடைத்த தொகையைக் கொண்டு, எழுத்தாளர் ழான் ழெனே சொன்ன யோசனையின்படி அதை வாங்கினார். அந்தக் கருவி எப்படி வேலை செய்தது என்பது இந்த விவாதத்துக்கு மிகவும் தேவையான செய்தி. கையில் ஒரு கேமரா, தோளில் தொங்கும் ஒரு ரெக்கார்டர், இரண்டையும் இணைக்கும் ஒரு கம்பி. அரை அங்குல நாடாவில் கறுப்பு வெள்ளைப் படம் பதியும். ஃபிலிம் என்றால் லேபுக்குப் போய்க் கழுவி வர வேண்டும், ரஷ், அதாவது வெட்டித் தொகுக்காத படச்சுருளைப் போட்டுப் பார்க்க வேண்டும், அதை யார் பார்க்கலாம் என்பதைத் தயாரிப்பாளரும் இயக்குநரும் முடிவு செய்வார்கள். போர்ட்டாபேக்கில் எடுத்த மறுநிமிடமே நாடாவைச் சுற்றித் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். எடுத்தவரும் எடுக்கப்பட்டவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் அதே நாடாவில் அழித்து மறுபடி எடுக்கலாம். நடிகைக்கு மறுக்கப்பட்டிருந்த மானிட்டர் முதன்முறையாக நடிகையின் மேசைக்கு வந்தது.

செரிக் அதைக் கொண்டு என்ன செய்தார் என்று பாருங்கள். 1975, 1976ஆம் ஆண்டுகளில் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இருபதுக்கும் மேற்பட்ட நடிகைகளை நேரில் சந்தித்துப் பேட்டி எடுத்தார். கேமராவை ரூசோபுலோஸ் கையாண்டார். "அழகாக இரு, வாயை மூடு" என்று பொருள்படும் தலைப்பில் அந்தப் படம் 1981இல் வெளிவந்தது. அதில் அவர் எல்லோரிடமும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: நீங்கள் ஆணாகப் பிறந்திருந்தால் நடிக்க வந்திருப்பீர்களா? பெரும்பாலோர் இல்லை என்கிறார்கள். ஜேன் ஃபோண்டா தன் முதல் ஒப்பனைச் சோதனையைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் சொல்கிறார். நிபுணர்கள் அவர் முகத்தை மாற்றி முடித்தபோது கண்ணாடியில் இருப்பது யார் என்றே அவருக்குத் தெரியவில்லை. கன்னம் ஒட்டித் தெரிய வேண்டும் என்பதற்காகத் தாடையை உடைத்துச் சரிசெய்யலாம் என்று கூட யோசனை சொல்லியிருக்கிறார்கள். ஃபோண்டா இதைச் சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டே வருகிறார். பின்னணி இசை கிடையாது, அதிகமான வெட்டுகளும் கிடையாது. தொகுப்பாளன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: பேச்சை முடித்துவிட்டு ஒருவர் மௌனமாக இருக்கும் இடத்தில்தான் பெரும்பாலோர் வெட்டுவார்கள். நடித்துப் பழகியவருக்கோ அந்த மௌனம்தான் பேச்சின் பயன் என்று தெரியும். செரிக் கேட்கும் முறையிலேயே அந்த அறிவு இருக்கிறது. எதிரில் இருப்பவர் பேசி முடித்த பிறகும் அவர் அவசரப்படுவதில்லை.

1982இல் ரூசோபுலோஸ், இயோவானா வீடர் ஆகியோருடன் சேர்ந்து பாரிஸில் பெண்ணிய எழுத்தாளர் சிமோன் து பூவார் பெயரில் ஓர் ஒலி-ஒளி ஆவண மையத்தையும் நிறுவினார். பெண்கள் எடுத்த வீடியோக்களைக் காப்பதே அதன் வேலை. 1990இல் அவர் மறைந்தார். 2019இல் பிரான்சில் லீல் நகரை அடுத்துள்ள லாம் அருங்காட்சியகத்திலும், பிறகு மத்ரித்தின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்திலும் அவருடைய வீடியோப் பணிகளை மையமாகக் கொண்ட பெரிய கண்காட்சி நடந்தது. நடிகையாகப் புகழ்பெற்றவரை அருங்காட்சியகம் வீடியோக் கலைஞராக ஏற்றுக்கொள்ள அவ்வளவு காலம் ஆயிற்று.

அவர் நடிப்பை விடவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வீடியோ எடுத்த அதே ஆண்டுகளில்தான் ஷந்தால் ஆக்கர்மானின் ஜான் தீல்மான் படத்திலும், மார்கெரித் துராஸின் படத்திலும் நடித்தார். இரண்டும் 1975இல் வெளிவந்தவை. ஒரு கை மற்றொரு கைக்குக் கற்றுக்கொடுத்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

---

காட்சிக்கூடம் எழுதியது:

தொகுப்பு மேசை ஐயா எழுதியதை மதிக்கிறேன். எனினும் நான் மாறுபட வேண்டியிருக்கிறது. கண்காட்சிகளை அமைக்கும் வேலையில் இருப்பவன் என்பதால், நடிகர்கள் காட்சிக் கலைக்கு வருவதை நான் வாசலில் நின்று பார்க்கிறேன். செரிக் போன்றவர்கள் மிகச் சிலர். பெரும்பாலும் நடப்பது வேறு. புகழ் முன்னால் வந்து இடம் பிடித்துக்கொள்கிறது, படைப்பு பின்னால் வருகிறது. பெயர் தெரியாத ஓர் இளைஞர் பத்தாண்டு உழைத்தும் கிடைக்காத சுவர், நடிகருக்கு முதல் முயற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. பார்வையாளர்களும் படத்தைப் பார்ப்பதில்லை. படத்தை எடுத்தவரின் பழைய முகத்தைத் தேடுகிறார்கள்.

அமெரிக்க நடிகர் டென்னிஸ் ஹாப்பரை எடுத்துக்கொள்வோம். 1969இல் அவர் இயக்கி நடித்த ஈஸி ரைடர் படம் பெற்ற வெற்றியால் ஒரு பெரிய ஸ்டூடியோ அவருக்குப் பணமும் முழுச் சுதந்திரமும் கொடுத்தது. பெரு நாட்டின் மலைக் கிராமம் ஒன்றுக்குப் போய் ஒரு சோதனைப் படத்தை எடுத்தார். அது 1971இல் வெளிவந்தது. படப்பிடிப்புக் குழு ஊரைவிட்டுப் போன பிறகு, கிராமத்து மக்கள் மூங்கிலும் குச்சியும் கட்டிக் கேமராவைப் போலவே ஒன்றைச் செய்து, தாங்களும் படம் எடுப்பது போலச் சடங்கு நடத்துகிறார்கள். கேமரா பொய், ஆனால் அவர்கள் கொடுக்கும் அடி நிஜம். காட்சி விடுபட்டது என்று எழுதிய அட்டைகள் படத்தின் நடுவிலேயே வந்து போகும். அந்த மூங்கில் கேமராவை என்னால் மறக்க முடியாது. ஆனால் படம் வெனிஸில் ஒரு பரிசைப் பெற்றும் திரையரங்குகளில் படுத்துவிட்டது. அதற்குப் பிறகு 1980 வரையில் அவர் இயக்கிய படம் எதுவும் வரவில்லை.

அதே ஹாப்பர் 1961 முதல் 1967 வரை ஆயிரக்கணக்கில் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் எடுத்தார். அவற்றில் பெரும்பகுதி யாரும் அவரிடம் கேட்டு எடுத்தவை அல்ல. கையில் ஒரு நிக்கான் கேமரா, பெரும்பாலும் இயற்கை ஒளி, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் அவருடைய காட்சிக் கலை அந்தப் புகைப்படங்களில்தான் நின்றிருக்கிறது. புகழ் வாங்கிக் கொடுத்த படத்தைவிட, புகழுக்குத் தொடர்பில்லாமல் எடுத்த படம் உறுதியாக நிற்கிறது என்பது என் துணிபு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தன் முகத்தைத் தானே பார்ப்பது என்பதைப் பெரிய விடுதலையாக மேலே எழுதியிருக்கிறார்கள். வீடியோக் கலை பிறந்த காலத்திலேயே அதற்கு எதிரான வலுவான வாதமும் பிறந்துவிட்டது. 1971இல் வீட்டோ அக்கோன்ச்சி என்ற கலைஞர் மானிட்டரில் தெரியும் தன் முகத்தின் நடுவை விரலால் சுட்டியபடி இருபது நிமிடத்துக்கும் மேல் நின்றார். அது பார்வையாளரைச் சுட்டுவது போலத் தெரியும். உண்மையில் அவர் தன்னைத்தான் சுட்டிக்கொண்டிருந்தார். விமர்சகர் ரோசலிண்ட் கிராஸ் 1976இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்தப் படைப்பை எடுத்துக்காட்டி, வீடியோ என்பது தன்னையே காதலிக்கும் கண்ணாடி என்ற குற்றச்சாட்டை முன்வைத்தார். நடிகர் கையில் அந்தக் கண்ணாடி கிடைத்தால் என்ன ஆகும் என்று மேடைக்காரி அம்மா யோசித்துப் பார்க்க வேண்டும். புண்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. இந்தக் கேள்வியை ஒருநாள் யாராவது உங்களிடம் கேட்கத்தான் போகிறார்கள்.

---

மழைக்கால வாசகி எழுதியது:

காட்சிக்கூடம் அவர்களுக்கு ஒரு கேள்வி. பிரிட்டிஷ் நடிகை டில்டா ஸ்வின்டன் 1995இல் லண்டன் சர்ப்பன்டைன் காட்சிக்கூடத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழு நாள் தொடர்ந்து, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் படுத்துத் தூங்கினார். சிற்பி கொர்னீலியா பார்க்கருடன் சேர்ந்து அமைத்த காட்சி அது. 2013இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் முன்னறிவிப்பு இல்லாத நாள்களில் அதையே மறுபடி செய்தார். பார்க்க வந்தவர்கள் நடிகையின் முகத்தைத் தேடித்தான் வந்திருப்பார்கள். ஆனால் அந்த முகம் அவர்களைத் திரும்பப் பார்க்கவும் இல்லை, எந்த உணர்ச்சியையும் நடித்துக் காட்டவும் இல்லை. புகழைப் படைப்பின் மூலப்பொருளாகவே எடுத்துக்கொண்டு, அது கேட்பதைக் கொடுக்க மறுப்பதும் ஒரு வழி அல்லவா? இதையும் புகழுக்குக் கிடைத்த இடம் என்றே சொல்வீர்களா?

---

மேடைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. காட்சிக்கூடம் ஐயா எழுதியது எனக்குப் புண்படவில்லை. என் பெயர் யாருக்கும் தெரியாது என்பதால் புகழ் பற்றிய பகுதி என்னைத் தொடாது. கண்ணாடி பற்றிய பகுதி என்னைத் தொடுகிறது. அதற்குப் பதில் சொல்வதற்கு முன், தொகுப்பு மேசை ஐயா சொன்னதால் ஜான் தீல்மான் படத்தை நேற்று மறுபடி பார்த்தேன். அதைப் பற்றி நடிகையாக ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

மூன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம் அது. விதவைத் தாய் ஒருத்தி மூன்று நாள் தன் வீட்டு வேலைகளைச் செய்கிறாள். கேமரா இடுப்பு உயரத்தில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. குளோசப் கிடையாது. இரண்டாம் நாள் அவளுடைய ஒழுங்கு குலையத் தொடங்குகிறது. உருளைக்கிழங்கு அளவுக்கு மேல் வெந்து கெட்டுப்போகிறது. மறுபடி புதிதாக உருளைக்கிழங்கு எடுத்து உட்கார்ந்து தோல் சீவுகிறாள். கத்தி கிழங்கின் மேல் ஓடுகிறது. ஓர் இடத்தில் வேகம் கூடுகிறது, பிறகு கை தானாக நின்றுவிடுகிறது, பிறகு எதுவும் நடக்காதது போல மறுபடி ஓடுகிறது. முகத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை. நடிகைக்கு வழக்கமாகக் கிடைக்கும் எல்லாத் துணைகளையும் எடுத்துவிட்டார்கள்: வசனம் இல்லை, இசை இல்லை, எதிர் நடிகர் இல்லை, அழுவதற்கு இடமில்லை. மிச்சமிருப்பது நேரமும் கையும் மட்டுமே.

அந்தப் படப்பிடிப்பை நடிகர் சாமி ஃப்ரே வீடியோவில் பதிவு செய்திருக்கிறார். அதில் செரிக் தன்னைவிட மிகவும் இளையவரான ஆக்கர்மானிடம் ஒவ்வொரு செயலுக்கும் காரணம் கேட்டு விடாமல் நிற்கிறார். இவள் ஏன் இதை இப்படிச் செய்கிறாள், அப்போது என்ன நினைக்கிறாள் என்று கேட்கிறார். ஆக்கர்மானுக்கு வேண்டியது காரணம் இல்லை, செயலின் கால அளவு. அந்த இழுபறியைப் பார்த்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. நாங்கள் கற்றுக்கொண்ட நடிப்பு முழுவதும் "ஏன்" என்ற கேள்வியின் மேல் கட்டப்பட்டது. கதாபாத்திரத்துக்கு என்ன வேண்டும், யாரிடமிருந்து வேண்டும், தடை என்ன என்று கேட்டுக் கேட்டுத்தான் ஒரு காட்சியை உண்டாக்குவோம். சோதனைத் திரைப்படமோ "எவ்வளவு நேரம்" என்று மட்டும் கேட்கிறது. இரண்டு கேள்விகளும் ஒரே உடலில் சந்திக்கும்போது அந்தக் கை தயங்குகிறது. நடிக்கத் தெரியாதவரின் கை தயங்கியிருந்தால் அது வெறும் தாமதமாகத் தெரிந்திருக்கும். ஆகவே நடிகர் கொண்டு போவது முகபாவமோ குரலோ இல்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ஒரு செயலுக்குள் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்க முடியும் என்ற பழக்கத்தைத்தான் கொண்டு போகிறோம்.

---

காட்சிக்கூடம் எழுதியது:

மழைக்கால வாசகி அவர்களே, ஸ்வின்டனின் படைப்பு பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். புகழைத் தூங்கவைத்துவிட்டு அதைப் பார்க்க வரச் சொன்னது நேர்மையான செயல். என் வாதத்தை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன்.

மேடைக்காரி அம்மா சொன்ன நேரம் பற்றிய கருத்து எனக்குப் புதிது. அதனோடு, அறையையே படைப்பாக அமைக்கும் நிறுவல் கலையின் வேலைமுறை ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். திரையரங்கில் எல்லோரும் தொடக்கத்தில் வந்து முடிவில் போகிறார்கள். காட்சிக்கூடத்தில் படம் லூப்பாக, அதாவது முடிந்ததும் தானாக மறுபடி தொடங்கும்படி ஓடுகிறது. ஒருவர் நான்காம் நிமிடத்தில் நுழைந்து ஆறாம் நிமிடத்தில் போய்விடுவார், இன்னொருவர் இரண்டு சுற்று முழுவதும் நிற்பார். ஆகவே சிறிதாகத் தொடங்கி உச்சத்துக்குப் போய் இறங்கும் நடிப்பு அங்கே உடைந்துவிடும். எந்த நொடியில் நுழைந்தாலும் அந்த நொடி முழுமையாக இருக்க வேண்டும். நடிகர்களாக இருந்து வந்தவர்கள் முதலில் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். அவர்கள் கொண்டுவரும் வீடியோவில் கடைசி நிமிடத்துக்காக எல்லாமும் காத்துக்கொண்டிருக்கும். பார்ப்பவர் அதற்குள் அடுத்த அறைக்குப் போயிருப்பார்.

எதிர்த்திசையில் போனவர் ஒருவரைப் பார்த்தால் இது விளங்கும். ஸ்டீவ் மெக்குயின் காட்சிக் கலையிலிருந்து திரைப்படத்துக்கு வந்தவர். இதே பெயரில் பழைய ஹாலிவுட் நடிகர் ஒருவர் உண்டு, நான் சொல்வது பிரிட்டிஷ் கலைஞரை. 1997இல் அவர் செய்த படைப்பு ஒன்றில், மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் 1928இல் நடித்த புகழ்பெற்ற காட்சியைத் தானே நின்று செய்து காட்டினார். வீட்டின் முன்சுவர் முழுவதுமாகச் சாய்ந்து விழுகிறது, ஜன்னல் திறப்பு அவர் நின்ற இடத்துக்கு நேராக இருப்பதால் அவர் மேல் ஒரு கீறலும் படுவதில்லை. கீட்டனின் படத்தில் அது ஒருமுறை நடந்து கதை நகர்ந்துவிடும். மெக்குயினின் படைப்பில் அதே சுவர் வெவ்வேறு கோணங்களிலிருந்து திரும்பத் திரும்ப விழுகிறது. அவர் அசையாமல் நிற்கிறார், கண் இமைப்பதில்லை. எப்போது நுழைந்தாலும் ஒரு சுவர் விழுந்துகொண்டிருக்கும், ஒருவர் நின்றுகொண்டிருப்பார். 1999இல் அவர் பிரிட்டனின் கலைப் பரிசான டர்னர் பரிசைப் பெற்றபோது காட்டப்பட்ட படைப்புகளில் அதுவும் ஒன்று. 2008இல்தான் அவருடைய முதல் முழுநீளத் திரைப்படம் வந்தது. அவர் அந்தத் திசையில் கற்றுக்கொண்டதை நீங்கள் இந்தத் திசையில் மறக்கப் பழக வேண்டும்.

---

ஓடும் கார் எழுதியது:

இந்த இழையில் ஈரானியக் கலைஞர் மானியா அக்பரியைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். அவர் 2002இல் அப்பாஸ் கியரஸ்தமியின் டென் படத்தில் கார் ஓட்டும் பெண்ணாக வந்தவர். காரின் முன்பகுதியில் பொருத்திய டிஜிட்டல் கேமராக்கள், பத்து உரையாடல்கள், அவ்வளவுதான் அந்தப் படம். 2004இல் அவரே இயக்கிய முதல் முழுநீளப் படம் வெனிஸில் டிஜிட்டல் பிரிவில் பரிசு பெற்றது. பிறகு அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. 2007இல் எடுத்த படத்தில் டென் படத்தின் அமைப்பையே திரும்ப எடுத்துக்கொண்டார். அதே கார், அதே உரையாடல். ஆனால் தலையில் முடி இல்லை. ஓட்ட முடியாத நிலையில் அவர் ஓட்டுநர் இருக்கையை விட்டு அடுத்த இருக்கைக்கு மாறிவிடுகிறார்.

காட்சிக்கூடம் ஐயா சொன்ன கண்ணாடி வாதத்துக்கு இந்த இருக்கை மாற்றமே பதில் என்று நினைக்கிறேன். தன்னைக் காதலிப்பவர் தன்னை அப்படிக் காட்ட மாட்டார். முன்பு இன்னொருவரின் படத்தில் தன் உடல் இருந்த அதே சட்டகத்துக்குள், மாறிப்போன உடலைத் தன் முடிவால் தானே கொண்டுவந்து வைத்தார்.

---

தொகுப்பு மேசை எழுதியது:

ஓடும் கார் எழுதியது என்னை நெகிழவைத்தது. கண்ணாடியைப் பற்றி நானும் ஒன்று சேர்க்கிறேன். 1976இல் செரிக்கும் ரூசோபுலோஸும் எடுத்த ஒரு வீடியோ உண்டு. வலேரி சோலனஸ் என்ற அமெரிக்கப் பெண்ணியவாதி ஆண்களைச் சாடி 1967இல் எழுதிய அறிக்கையின் பிரெஞ்சுப் பதிப்பு அப்போது கடைகளில் கிடைக்கவில்லை. ஒரு மேசையின் இரண்டு பக்கமும் இருவரும் உட்காருகிறார்கள். செரிக் புத்தகத்தைப் படித்துச் சொல்லச் சொல்ல, ரூசோபுலோஸ் தட்டச்சு செய்கிறார். நடுவில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் செய்தி ஓடுகிறது, போர் நடக்கும் இடங்களின் படங்கள் வந்து போகின்றன. உலகமே வியந்த அந்தக் குரலைச் செரிக் இங்கே தட்டச்சுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் பயன்படுத்துகிறார். அழகுக்கு இடமே இல்லை. தட்டச்சு பின்தங்கினால் நிறுத்துகிறார், பிறகு தொடர்கிறார். கேமரா முன்னால் அவரே இருக்கிறார், ஆனால் அவர் தன்னைப் பார்க்கவில்லை, தாளைப் பார்க்கிறார். மானிட்டர் கையில் கிடைத்த நடிகை தன் முகத்தில் மயங்கி நிற்பார் என்பது வெளியே இருப்பவர்களின் அச்சம். முகம் தன் கைக்கு வந்துவிட்டால் அதை வேறு ஒரு வேலைக்கு அனுப்பலாம் என்பதை நான் இந்த வீடியோவில்தான் கற்றுக்கொண்டேன்.

மேடைக்காரி அம்மா, நீங்கள் இப்போது என்ன எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொல்லலாமா? இவ்வளவு பேசிய பிறகு அதை அறியாமல் இருப்பது சரியில்லை.

---

மேடைக்காரி எழுதியது:

கேட்டதற்கு நன்றி ஐயா. சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தேன், இனித் தயங்கவில்லை.

அந்தப் பதினோரு டேக்கையும் நான் மறுபடி எடுத்திருக்கிறேன். அதே குளோசப், அதே செய்தி, வசனம் இல்லை. ஒவ்வொரு டேக்கையும் எடுத்து முடித்த உடனே மானிட்டரில் ஓடவிட்டு, அதைப் பார்க்கும் என் முகத்தை இரண்டாவது கேமராவில் எடுத்தேன். அறையில் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டையும் ஓடவிடுவதாகத் திட்டம். ஒரு சுவரில் செய்தியைக் கேட்பவள், எதிர்ச் சுவரில் அவளைப் பார்ப்பவள். நடுவில் நிற்பவர் ஒரே நேரத்தில் இரண்டையும் பார்க்க முடியாது, ஏதாவது ஒன்றுக்கு முதுகைக் காட்டியாக வேண்டும்.

ஏழாவது டேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கண்டுகொண்டேன். செய்தி காதில் விழுவதற்கு முன்பே என் இடது கண்ணிமை ஒருமுறை துடிக்கிறது. வரப்போவது எனக்குத் தெரியும் என்பதை அந்த இமை சொல்லிவிடுகிறது. அன்று "குறைத்துச் செய்யுங்கள்" என்று அவர்கள் சொன்னது இதைத்தான் என்று இப்போது நினைக்கிறேன். மானிட்டரை ஒருமுறை பார்க்க விட்டிருந்தால் பதினோரு டேக் போயிருக்காது. பார்க்க விட்டிருந்தால் இந்தப் படைப்பும் வந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது கேமராவில், அந்தத் துடிப்பைக் கண்டுகொண்ட நொடியில், என் இடது கண்ணிமை அதே போல ஒருமுறை துடிக்கிறது. அதை நான் நடிக்கவில்லை.

காட்சிக்கூடம் ஐயா சொன்ன லூப் பற்றிய எச்சரிக்கையைப் படித்த பிறகு, டேக்குகளை ஒன்று முதல் பதினொன்று வரை வரிசையாக வைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். கடைசி டேக்குக்காகப் பார்வையாளரைக் காக்கவைக்கும் அமைப்பாகத்தான் அது இருந்தது. இப்போது ஒரே ஒரு கேள்வி இருக்கிறது, தொகுப்பு மேசை ஐயா. ஒவ்வொரு டேக்கிலும் கிளாப் அடிப்பதற்கு முன்னால் மூன்று நான்கு நொடிகள் பதிவாகியிருக்கின்றன. அதில் நான் எதுவும் செய்யவில்லை, வெறுமனே காத்திருக்கிறேன். அவற்றை வெட்டிவிடலாமா?

---

காட்சிக்கூடம் எழுதியது:

எதிரெதிர்ச் சுவர் என்றால் இரண்டு ப்ரொஜெக்டரின் ஒளியும் பார்வையாளரின் நிழலை எதிர்ப்புறத் திரையில் விழச் செய்யும். கருவிகளைக் கூரையை ஒட்டி உயரத்தில் மாட்டிக் கீழ்நோக்கிச் சாய்த்தால் நிழல் திரையின் கீழ்ப்பகுதியோடு நின்றுவிடும். இரண்டு படமும் நாளடைவில் ஒன்றுக்கொன்று முன்பின்னாக நகராமல் இருக்க, ஒரே கருவியிலிருந்து இரண்டையும் ஓட்டுங்கள். இமைத் துடிப்பு ஒரு நொடி தவறினாலும் படைப்பு போய்விடும்.

---

தொகுப்பு மேசை எழுதியது:

வெட்டாதீர்கள் அம்மா. கிளாப் கட்டை பிரேமுக்குள் நுழையும்போது அதன் நிழல் உங்கள் கன்னத்தில் விழும் அல்லவா, அந்த இடத்திலிருந்தே தொடங்குங்கள். அந்த நான்கு நொடியில் நீங்கள் கதாபாத்திரமாகவும் ஆகவில்லை, நீங்களாகவும் இல்லை. எந்தப் படத்திலும் நாங்கள் முதலில் வெட்டித் தொட்டியில் போடுவது அந்த நொடிகளைத்தான். இருபது ஆண்டுகளாக நடிகர்களின் அந்த முகத்தைத் தொகுப்பு மேசையில் நான் ஒருவன் மட்டும் பார்த்து வந்திருக்கிறேன். இந்தமுறை மற்றவர்களும் பார்க்கட்டும்.